வாய்க்காலுக்கு இந்தாண்ட

மனதில் இருப்பதை அப்படியே எழுதுங்கள் என்று மேடையில் யாராவது பிள்ளைகளிடம் சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. நானும் அதையே சொல்கிறவன்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சொல்கிறேன். ஆனால் அப்படிச் சொன்னவனுக்கு, அவர்கள் எழுதிக்கொண்டு வருவதைக் கேட்க ஒரு காது வேண்டும். அது இல்லாதவன் வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருக்கலாம். பேசு பேசு என்று தூண்டிவிட்டு, பேச ஆரம்பித்ததும் வாயைப் பொத்துகிறவர்களை நான் நேரிலேயே பார்த்துவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை. தணிய வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

நான் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் போவேன். முத்தியால்பேட்டையில் டூவீலர் மெக்கானிக் கடைக்கு மேலே ஓர் அறையை ஒத்திகைக்காக வாடகைக்கு வைத்திருக்கிறேன். கீழே வண்டியை முறுக்கினால் மேலே ஜன்னல் அதிரும். வண்டி விட வந்த பையன்கள் பாட்டுச் சத்தம் கேட்டு ஒவ்வொருவராக மேலே ஏறி வந்தார்கள். பிறகு அவர்களுடைய தங்கைகளும் கூடப் படிக்கிறவர்களும் வந்தார்கள். யாரும் என்னிடம் பாட்டு கற்றுக்கொள்ள வரவில்லை. அவர்களிடம் ஏதோ வரிகள் இருந்தன, என்னிடம் கீபோர்டு இருந்தது. அவ்வளவுதான். எல்லோரும் என்னை மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள், நானும் மறுக்கவில்லை.

முதலில் அவர்கள் எழுதியதைக் கேட்டால் எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கும். எல்லாம் தென்றல், நிலவு, விழி. மீசை முளைக்காத ஒருவன் தன் மரணப் படுக்கையைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தான். எனக்குப் பொறுமை குறைவு. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நீ தென்றலே என்றா பேசுவாய் என்று கேட்டேன். பேசினால் செருப்பு பிய்ந்துவிடும் என்றான். அப்படியானால் பாட்டிலும் அது வேண்டாம் என்றேன். அன்றைக்கு அந்த அறைக்கு ஒரு சட்டம் வந்தது. வாயால் பேசாத வார்த்தையைப் பாட்டில் போடக் கூடாது. வேறு எந்தச் சட்டமும் கிடையாது, கெட்ட வார்த்தைகூடப் போடலாம், அதைத் தாய் தகப்பன் முன்னால் பாடத் தைரியம் இருந்தால்.

சட்டம் வந்த பிறகுதான் பாட்டு வந்தது. காலாப்பட்டில் படிக்கிற ஒருவன் பஸ்ஸின் படிக்கட்டைப் பற்றி எழுதினான். சனி, ஞாயிறில் வெளியூர்க் கார்கள் வந்து அடைத்துக்கொள்வதால், சொந்த ஊரில் தெருவைக் கடக்க முடியாமல் நிற்கிற கதையை இன்னொருவன் எழுதினான். எங்கள் ஊரை ஒரு வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. அதற்குக் கிழக்கே, முன்பு பிரெஞ்சுக்காரர்கள் இருந்த பக்கத்தில், தெருப் பலகைகளில் பிரெஞ்சில் ‘ரூ’ என்று போட்டிருக்கும், தெரு என்று அர்த்தம். அங்கே ஒரு காப்பி என்ன விலை என்று பார்த்துவிட்டு வந்த எங்கள் பிள்ளைகள், ‘ரூ’ என்றால் ரூபாய் என்று பாட்டுக் கட்டினார்கள். நான் சிரித்துச் சிரித்துச் சுருதியை விட்டுவிட்டேன்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி அதிகம் பேசமாட்டாள். கல்லூரியில் முதல் வருஷம். அப்பா இல்லை. அம்மா வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை கூட்டித் துடைத்துப் படுக்கை விரிப்பு மாற்றுகிற வேலை பார்க்கிறாள். மஞ்சள் சுண்ணாம்பு அடித்த பழைய வீடு அது. வெளியூர்க்காரர்கள் அதன் சுவரில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டே இருப்பார்கள். எங்கள் அறைக்கு வந்த நாளிலிருந்து மூலையில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாக எழுந்து வந்து, செல்போனைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

வாய்க்காலுக்கு இந்தாண்ட எங்க வூடு
வாய்க்காலுக்கு அந்தாண்ட எங்கம்மா வேலை
அந்தாண்ட நில்லுன்னு சொன்னீங்களே
எந்தாண்ட நிக்கட்டும் நீங்க சொல்லுங்க

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பேச்சில் ஆண்ட என்றால் பக்கம், கிட்டே. இந்தாண்ட என்றால் இந்தப் பக்கம், அந்தாண்ட என்றால் அந்தப் பக்கம். ஒருவரைப் பார்த்து அந்தாண்ட போ என்றால் தள்ளிப் போ, கண்ணில் படாதே என்று பொருள். ஒரே வார்த்தையில் ஊரின் மேற்குக் கிழக்கையும் தனக்குப் பட்ட அடியையும் சேர்த்துவிட்டாள். வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவன் இந்த மாதிரி நேரத்தில் கையை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டேன். அவள் சரணத்தையும் பாடினாள்.

தூக்குச் சட்டி கையச் சுடுது, சோறு இன்னும் ஆறல
மஞ்ச செவுத்து போட்டோவுல நான் விழுந்தா என்ன கொற

என்ன நடந்தது என்று கேட்டேன். அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனாளாம். வாசலில் யாரோ போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்களாம். அந்தாண்ட நில்லு என்று சொல்லிவிட்டார்களாம். யார் சொன்னது என்றதற்கு, அங்க இருக்கறவங்கதான் மாஸ்டர் என்றாள். வாட்ச்மேன்தான் என்று நானே முடிவுகட்டி, முகம் தெரியாத அந்த மனிதனை அரை மணி நேரம் திட்டித் தீர்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கடற்கரைச் சாலையில் ஒரு விழா வந்தது. இளைஞர்களே, உங்கள் பாட்டை நீங்களே எழுதுங்கள் என்று ஊரெல்லாம் பேனர். விழாக்குழுவின் பேரை நான் சொல்லப்போவதில்லை, சொன்னால் அதுவும் அவர்களுக்கு விளம்பரம். வரிகளையும் பாடிய பதிவையும் அனுப்பச் சொன்னார்கள். எங்கள் பிள்ளைகள் சில பேர் அனுப்பினார்கள். இவளுடைய பாட்டு மட்டும் தேர்வானது. அறையில் ஒரே ஆட்டம். அம்மா விழாவுக்கு வருவாளா என்று யாரோ கேட்க, அவள் முகம் மாறியது. அம்மா கேட்பதற்காகத்தான் எழுதினேன், ஆனால் என்ன பாட்டு என்று முன்கூட்டியே சொல்லமாட்டேன், மேடையில் கேட்கட்டும் என்றாள். அம்மா லீவு சொல்லிவிட்டாள் என்றும் சொன்னாள்.

நாலைந்து நாள் கழித்துத் திருத்திய வரிகள் வந்தன. மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் வரிகள் ஓடுமாம், அதனால் மொழி பார்த்து அனுப்பியிருக்கிறார்களாம். நான் படித்தேன். மறுபடியும் படித்தேன்.

வாய்க்காலுக்கு இந்தாண்டு புது வாழ்வு
வாய்க்காலுக்கு அந்தாண்டு பெருந் தாழ்வு
அந்தாண்டு நில்லாமல் போன நீரே
எந்தாண்டும் நிற்கட்டும் தூய்மையோடு

முதலில் வேறு யாருடைய பாட்டோ மாறி வந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு புரிந்தது. யாரோ ஒரு மகானுபாவர் ‘இந்தாண்ட’ என்பதைப் பார்த்திருக்கிறார். பிள்ளை ‘இந்தாண்டு’ என்று எழுத வந்து ‘டு’வைத் தவறவிட்டுவிட்டது என்று முடிவு செய்திருக்கிறார். இந்த வருஷம், அந்த வருஷம் என்று வாசித்தால் வாய்க்கால் தூர்வாருகிற பாட்டாகிவிடுகிறது. அப்புறம் வீடு எதற்கு, அம்மா எதற்கு? பொருந்தாததையெல்லாம் எடுத்துவிட்டுப் பொருந்துவதைப் போட்டுவிட்டார். இந்த ஊரிலேயே பிறந்து, இந்தாண்ட வா, அந்தாண்ட போ என்று காலையிலிருந்து ராத்திரி வரை பேசுகிற ஆளாகத்தான் அவர் இருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பேசுகிற வார்த்தை காகிதத்தில் ஏறும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

அவளையும் கூட்டிக்கொண்டு நேரே விழாக்குழு அலுவலகத்துக்குப் போனேன். அதுவும் வாய்க்காலுக்குக் கிழக்கேதான். ஏசி போட்ட அறையில் ஒருங்கிணைப்பாளர் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல மரியாதையான பேச்சு. தண்ணீர் கொடுத்தார். பாட்டு எல்லோருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது, விழாவின் சிறப்பு விருந்தினர் தன் பேச்சிலேயே இதைக் குறிப்பிடப்போகிறார் என்றார். பிறகு அவளிடம் திரும்பி, உங்க வீட்ல யாராவது நகராட்சியில வாய்க்கால் வேலை பாக்கறாங்களா என்று அன்பாகக் கேட்டார்.

நான் விளக்கினேன். இது வருஷம் இல்லை ஐயா, பக்கம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையாகவே வருத்தப்பட்டார். மெட்டைத் தேர்ந்தெடுத்தவர் பதிவை மட்டும் கேட்டிருக்கிறார், அவருக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. வரிகளைத் திருத்தியவர் பதிவைக் கேட்கவே இல்லை. இப்படி ஆகிவிட்டது, உடனே மாற்றிவிடலாம் என்றார். எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. அவளுடைய செல்போனை வாங்கி, அவள் எழுதிய வரிகளை முதல் தடவையாக முழுசாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் சிரிப்பு காணாமல் போனது. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வெளியே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார்.

“சார், இது கொஞ்சம் நெகட்டிவா இருக்கு. நமக்கு உதவி பண்றவங்கள்ல பாதிப் பேரு கெஸ்ட் ஹவுஸ் நடத்தறவங்க. மொத வரிசையில ஒக்காந்திருப்பாங்க. திருத்தினதே இருக்கட்டுமே.”

“தப்புன்னு இப்பதானே ஒத்துக்கினீங்க?”

“தப்புன்னு சொல்ல முடியாது சார். அதுக்கும் ஒரு அர்த்தம் வருதுல்ல.”

இதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. தெரியாமல் செய்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். எழுத்துப் பிழை யாருக்கும் வரும். அர்த்தம் தெரியாத வரைக்கும் மாற்றித் தருகிறேன் என்றவர், அர்த்தம் தெரிந்ததும் பிழையே இருக்கட்டும் என்கிறார். உங்கள் பாட்டை நீங்களே எழுதுங்கள் என்ற பேனர் அவர் தலைக்கு மேலே தொங்குகிறது. என் வாயில் வந்ததையெல்லாம் நான் இங்கே எழுத முடியாது. மேஜையைத் தட்டினேன், தண்ணீர் சிந்தியது. சார், சார் என்று அவர் மரியாதை குறையாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். மரியாதையான ஆளிடம் சண்டை போடுவது மாதிரி எரிச்சல் உலகத்தில் கிடையாது.

பாடல் வரிகள் என்று என் பேரைத்தான் போடுவீர்களா என்று அவள் மெதுவாகக் கேட்டாள். ஆமாம், பெரிதாக வரும் என்று அவர் உற்சாகமாகச் சொன்னார்.

“நான் எழுதாததுக்கு எதுக்கு எம்பேரு?”

அவர் செல்போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். யோசித்துச் சொல்லும்மா, நல்ல வாய்ப்பு, விட்டுவிடாதே என்று மட்டும் சொன்னார். வெளியே வந்து பாலம் தாண்டுகிற வரைக்கும் நான் கத்திக்கொண்டே வந்தேன். அவள் நின்று, அம்மாவாண்ட இது எதையும் சொல்லிடாதீங்க மாஸ்டர் என்றாள். பாட்டை விட்டுவிடப்போகிறாயா என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். விட்டுவிட்டால் அம்மா கேட்கமாட்டாள், அவர்கள் எழுதியதைப் பாடினாலும் அம்மா கேட்கமாட்டாள், இரண்டும் ஒன்றுதான் என்றாள். அந்தக் கணக்கு எனக்கு அப்போது சரியாகப் புரியவில்லை.

விழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அம்மாவே எங்கள் அறைக்கு வந்தாள். பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு வந்தாள். மகள் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, என்ன பாட்டு என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள், நீங்களாவது சொல்லுங்கள் என்றாள். செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றிவிட்டு வாசலில் நின்றுகொண்டே பேசினாள். உள்ளே வந்து உட்காரச் சொல்ல மூன்று தடவை கத்த வேண்டியிருந்தது. என் கத்தல் எல்லாம் அப்படித்தான், நல்லதுக்கும் அதே குரல்தான்.

சொல்லாதே என்றுதான் அந்தப் பெண் கேட்டுக்கொண்டாள். ஆனால் பாட்டு எழுதுவதே ஒருத்தர் கேட்பதற்காகத்தான், அந்த ஒருத்தர் என் எதிரே உட்கார்ந்திருக்கிறார். செல்போனை எடுத்துப் பதிவைப் போட்டுவிட்டேன். முதல் வரிக்கு அம்மா லேசாகச் சிரித்தாள், மகள் குரல் என்பதால். மூன்றாவது வரிக்குப் புடவைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். பாட்டு முடிந்த பிறகும் அதை எடுக்கவில்லை. நான் எப்போதும்போல வாட்ச்மேனைத் திட்ட ஆரம்பித்தேன்.

“வாச்சுமேன் இல்ல மாஸ்டர். நாந்தான்.”

எனக்கு விளங்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வேலைக்காரர்கள் வீட்டு ஆட்கள் வாசலில் வந்து நிற்கக் கூடாது என்று அன்று காலையில்தான் முதலாளியம்மா எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லியிருந்தார்களாம். மத்தியானம் வெளியே வந்து பார்த்தால், தூக்குச் சட்டியோடு மகள் நடு வாசலில் நிற்கிறாள். எதிரே விருந்தாளிகள் போட்டோ எடுக்கிறார்கள். முதலாளியம்மா மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

“அந்தாண்ட நில்லுன்னேன். யாரு அதுன்னு மேலேர்ந்து கேட்டாங்க. தெரியலம்மான்னு சொல்லிட்டேன். இவ காதுல விழுந்துடுச்சி.”

தூக்குச் சட்டியைப் படியில் வைத்துவிட்டு மகள் போய்விட்டாளாம். வீட்டில் அதைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லையாம். வாய்விட்டுச் சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றாள்.

“என்னை அவ நீன்னுதான் கூப்புடுவா. பாட்டுல நீங்கன்னு போட்டிருக்கா பாருங்க. கேக்கறவங்க வேற யாரோன்னு நெனைக்கட்டும்னு.”

நான் அத்தனை தடவை கேட்டேன், வாசித்தேன், தாளம் சரிசெய்தேன். அந்த ‘நீங்க’ என் காதில் விழவே இல்லை. வாயால் பேசாத வார்த்தையைப் போடாதே என்று சட்டம் போட்ட அறையில், அவள் ஒரே ஒரு வார்த்தையில் மட்டும் அந்தச் சட்டத்தை மீறியிருக்கிறாள், அதுவும் அம்மாவைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க. அதன் பிறகுதான் ‘டு’ போட்டவர் மேல் எனக்கு முழுக் கோபமும் வந்தது. ஒரு பெண் தன் தாயிடம் நேரில் கேட்க முடியாத கேள்வியைப் பாட்டில் பொதிந்து மேடை ஏற்றப் போகிறாள். அதை எடுத்து இவர்கள் வாய்க்கால் தூர்வாருகிறார்கள்.

விழாக்குழுவில் நடந்ததையும் சொல்லிவிட்டேன். முதல் வரிசையில் யார் யார் உட்காருவார்கள் என்பதையும் மறைக்கவில்லை, வேலை போனால் சோறு போடப்போவது நான் இல்லையே. அம்மா எழுந்து வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். போகும்போது படிக்கட்டில் நின்று சொன்னாள்.

“எழுதினபடியே பாடச் சொல்லுங்க. என்னத்தானே கேக்கறா. கேக்கட்டும்.”

விழா அன்று கடற்கரைச் சாலை நிரம்பி வழிந்தது. முன்னால் சோபா, அதற்குப் பின்னால் துணி போட்ட நாற்காலிகள், கயிற்றுக்கு அப்பால் எங்கள் ஆட்கள். அவளுக்கு நான்தான் கீபோர்டு. தொகுத்து வழங்கிய பெண், வாய்க்கால் தூய்மை குறித்த விழிப்புணர்வுப் பாடல் என்று அறிவித்தாள். திரையில் ‘இந்தாண்டு புது வாழ்வு’ என்று பெரிய எழுத்தில் வந்தது, கீழே அவள் பேரோடு. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணையும் மூடவில்லை. கயிற்றுக்கு அப்பால் ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டு, எழுதியபடியே ஆரம்பித்தாள்.

திரை ஒன்று சொல்ல, வாய் ஒன்று சொல்ல, கயிற்றுக்கு அப்பால் முதலில் சிரிப்பு எழுந்தது. இரண்டாவது தடவை ‘எந்தாண்ட நிக்கட்டும்’ வந்தபோது அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. அது எங்கள் ஊர்க் கூட்டம். ஒரு தடவையாவது அந்தாண்ட போ என்று சொல்லப்படாதவர்கள் அதில் யாரும் இல்லை. சோபாக்களில் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருங்கிணைப்பாளர் மேடையின் ஓரத்துக்கு ஓடிவந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் சத்தத்தைக் கூட்டினேன். அவர் ஒலிபெருக்கிக்காரரிடம் போனார். சரணத்தில், சோறு இன்னும் ஆறல என்ற இடத்தில், மைக் செத்துவிட்டது.

கீபோர்டும் செத்துவிட்டது. கடற்காற்றில் ஒரு சின்னப் பெண்ணின் வெறும் குரல் எவ்வளவு தூரம் போகும்? முதல் இரண்டு வரிசையைத் தாண்டியிருக்காது. அவள் நிறுத்தவில்லை. கடைசி வரி வரைக்கும் பாடி, கும்பிட்டுவிட்டு இறங்கினாள். தொழில்நுட்பக் கோளாறுக்கு வருந்துகிறோம் என்றாள் தொகுத்து வழங்கியவள். விருந்தினர் எழுந்து, இந்த ஆண்டு வாய்க்காலைத் தூர்வாருவதில் இளைய தலைமுறைக்கு இருக்கும் அக்கறை தன்னை மெய்சிலிர்க்க வைத்தது என்று எழுதி வைத்திருந்ததை வாசிக்க ஆரம்பித்தார். அவருடைய மைக் மட்டும் கணீரென்று வேலை செய்தது.

நான் மேடைக்குப் பின்னால் ஒருங்கிணைப்பாளரைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகளைக் கூப்பிடாதே, இனிமேல் எங்கள் பிள்ளைகளிடம் எழுது என்று சொல்லிக்கொண்டு வராதே, உனக்கு வேண்டியதை நீயே எழுதி நீயே பாடிக்கொள் என்று கத்தினேன். நாலு பேர் வந்து என்னை இழுத்தார்கள். சட்டைப் பொத்தான் தெறித்தது. அவர் மரியாதையாகவே நின்றுகொண்டிருந்தார். அந்தக் கூச்சலில் என்ன ஏது என்று பார்க்க, முதல் வரிசையிலிருந்து சில பேர் எழுந்து வந்தார்கள். அதில் பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள், என்னைத் தாண்டி வேறு யாரையோ பார்த்து, நீ எங்க இங்க என்று கேட்டார்.

திரும்பினேன். அந்தப் பெண்ணின் அம்மா கயிற்றைத் தாண்டி மகளைப் பார்க்க வந்திருந்தாள். பட்டுப்புடவைக்காரர்தான் அந்த முதலாளியம்மா என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மகளுக்கு என்னைவிட முன்னாலேயே தெரிந்திருக்கிறது. முதலாளியம்மா வருவதைப் பார்த்ததுமே, யாரும் சொல்லாமல், பழக்கத்தில் அவள் அம்மாவை விட்டு இரண்டு எட்டு தள்ளிப் போய், யாரோ மாதிரி கடலைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“எம்பொண்ணும்மா. அவ பாட்டத்தான் கேக்க வந்தேன்” என்றாள் அம்மா. அது எல்லோருக்கும் கேட்டது. பிறகு மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“எங்கடி போற? என்னாண்ட நில்லு.”